புதன்கிழமை இரவு 11.59

புதன்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் என் கைப்பேசி மேசையில் ஓரிடத்தில் நிற்காது. அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்துவிடும். "மேடம், நான்காம் கேள்விக்கு பி-யா, சி-யா?" "மேடம், தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது." "மேடம், வீட்டில் கரண்ட் இல்லை. நாளைக் காலையில் போடலாமா?" போட முடியாது. ஐஐடிகள் இணையத்தில் இலவசமாக நடத்தும் என்பிடெல் படிப்புகளின் வாராந்தர அசைன்மென்டுக்குப் பெரும்பாலும் புதன் இரவு 11.59தான் கெடு. ஒரு நிமிடம் தாண்டினால் சென்னை ஐஐடி இயக்குநரே வந்து தட்டினாலும் கதவு திறக்காது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் நடத்துகிறேன். பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. 2016-இல் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான் இந்த ஆன்லைன் சமாசாரமெல்லாம் பழக்கம். என்பிடெல் மென்டராக நீங்களே இருந்துவிடுங்கள்" என்றார். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. ஆன்லைன் படிப்புகளில் சேர்ந்து பழக்கம் இருந்தது. முடிக்கும் வழக்கம்தான் இல்லை.

இதுவரை 24 இலவசப் படிப்புகளில் பெயர் கொடுத்திருக்கிறேன். முடித்தவை நான்கு. ரோமானியக் கட்டடக்கலை இரண்டாம் வாரத்திலேயே இடிந்து விழுந்தது. இசைக் கோட்பாடு மூன்றாம் வாரத்தில் சுருதி விட்டது. பைத்தானை மூன்று தடவை ஆரம்பித்திருக்கிறேன். மூன்று தடவையும் ஒரே இடம் வரை போய், வந்த வழியே திரும்பிவிட்டேன். 'பதிவு செய்துவிட்டீர்கள், வாழ்த்துகள்' என்று ஒரு மின்னஞ்சல் வரும் பாருங்கள், அதைப் படித்ததுமே பாதிப் படிப்பு முடிந்த மாதிரி ஒரு நிறைவு வந்துவிடுகிறது. கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே போகாமலே பஸ் ஏறிவிடுகிற பக்தி.

இந்தப் பட்டியலின் மூத்த பிள்ளை 6.002எக்ஸ்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி நடத்திய முதல் திறந்த இணையப் படிப்பு அது. மின்சுற்றுகளும் மின்னணுவியலும். 2012 மார்ச் மாதம் தொடங்கியது. நடத்தியவர் ஆனந்த் அகர்வால். சென்னை ஐஐடியில் பி.டெக். முடித்து அமெரிக்கா போனவர். அவருடைய வகுப்பு எனக்கு அதற்கு முன்பே தெரியும். எம்ஐடி தன் பாடங்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்து, அடுத்த ஆண்டே 50 பாடங்களோடு 'ஓப்பன்கோர்ஸ்வேர்' தளத்தைத் தொடங்கியது. அதில் அவருடைய 2007-ஆம் ஆண்டு வகுப்பறை வீடியோக்கள் இருந்தன. எங்கள் லேப் உதவியாளர் அண்ணன் யாரோ நண்பர் மூலம் அவற்றை ஒரு பென்டிரைவில் வாங்கி வந்து கொடுத்தார். முதல் வகுப்பிலேயே ஊறுகாய்க்குள் மின்சாரம் செலுத்திக் காட்டுகிறார்! உப்புநீரில் ஊறிய முழு வெள்ளரிப்பிஞ்சு. அது ஒளிவிடுகிறது. ஒரு மின்தடையில் எவ்வளவு மின்னோட்டம் போகும் என்பதை ஓம் விதியால் சொல்லிவிடலாம், ஊறுகாய் தரும் வெளிச்சத்தையும் நாற்றத்தையும் அந்த விதியால் சொல்ல முடியாது. எந்த எல்லைக்குள் நின்று கணக்குப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் பாடம். பத்து வருடம் படித்தும் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. மறுநாள் என் வகுப்பில் போட்டுக் காட்டினேன். பின்வரிசைப் பையன் கேட்டான்: "மேடம், வெள்ளரிக்காயையா ஊறுகாய் போடுவார்கள்?"

ஆகவே 2012-இல் 'நீங்களும் சேரலாம், கட்டணமில்லை' என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக ஓடினேன். வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு. ஐந்து நிமிட வீடியோவுக்குப் பன்னிரண்டு நிமிடம். அதனாலென்ன? பேனா பிடித்த கை திரையில் எழுதிக்கொண்டே போகும், குரல் காதோரம் பேசும். இடையிடையே ஒரு கேள்வி. விடையைப் போட்டு அழுத்தினால் பச்சை நிறத்தில் ஒரு 'டிக்' விழும். நாற்பது பேருக்குத் தினமும் டிக் போடுகிற எனக்கு அந்தப் பச்சை டிக் விழுந்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான்கு வாரம் ஒழுங்காகப் போனது. ஐந்தாம் வாரம் ஏப்ரல். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுகள் ஒரு பக்கம், மகளுக்கு அம்மை மறுபக்கம். வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, மடிக்கணினியை மூடி அலமாரியில் வைத்தேன். திரும்ப எடுத்தபோது இறுதித் தேர்வே முடிந்திருந்தது.

யாரும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஏன் வரவில்லை என்று எம்ஐடியிலிருந்து யாராவது கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கேட்க முடியாது. அந்தப் படிப்பில் பதிந்தவர்கள் 1,54,763 பேர். முதல் வாரக் கணக்குகளில் ஒரு மதிப்பெண்ணாவது வாங்கியவர்கள் 26,349. இடைத்தேர்வில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 10,547. சான்றிதழ் பெற்றவர்கள் 7,157. இருபத்தாறாயிரத்தில் நான் இருக்கிறேன். பத்தாயிரத்தில் இல்லை. எண்களுக்கு நடுவே எங்கே தொலைந்துபோனோம் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வாய்த்தவர்கள் குறைவு.

இந்த 7,157-ஐத் தோல்வி என்பதா வெற்றி என்பதா? 'நூற்றுக்கு ஐந்து பேர்கூட முடிக்கவில்லை' என்று எழுதியவர்கள் உண்டு. அகர்வாலின் கணக்கு வேறு: எம்ஐடியில் வருடத்துக்கு இரண்டு பருவம் என்று நடத்தினாலும் இத்தனை பேரைத் தேர்ச்சி பெறவைக்கத் தனக்கு 40 ஆண்டுகள் ஆகும் என்றார். இரண்டும் சரிதான். ஒரு கேள்வியை மட்டும் இரண்டு தரப்பும் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றும். அந்த ஏழாயிரம் பேர் யார்?

அவர்களில் ஒருவனைப் பற்றி உலகம் முழுக்க எழுதினார்கள். மங்கோலியாவின் உலான்பாதரில் 15 வயதுப் பையன், பத்துஷிக் மியாங்கன்பயார். 6.002எக்ஸ்-இல் முழு மதிப்பெண் எடுத்த 340 பேரில் ஒருவன். பின்னாளில் எம்ஐடியிலேயே சேர்ந்தான். 'புல்வெளி தேசத்தில் ஒரு மேதை, இணையம் கண்டெடுத்த முத்து' என்கிற பாணியில்தான் கதை பரவியது. கட்டுரைகளை முழுதாகப் படித்தால் இன்னோர் ஆளும் தென்படுவார். பையனின் பள்ளித் தலைமையாசிரியர், எம்ஐடியில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். அவர்தான் அந்தப் படிப்பைத் தன் மாணவர்களுக்குக் காட்டிச் சேரச் சொன்னவர். அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவரை ஆய்வகக் கருவிகளோடு வரவழைத்து, வீடியோவில் பார்த்ததைக் கையால் செய்து பார்க்கவும் ஏற்பாடு செய்தார். பையன் கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு சார் இருந்தார்.

அதே வருடம் லாகூரில் 11 வயதுச் சிறுமி கதீஜா நியாசி, யுடாசிட்டி தளத்தில் கல்லூரி இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். இறுதித் தேர்வின் நடுவே, செப்டம்பர் 2012-இல், பாகிஸ்தான் அரசு யூடியூபை முடக்கியது. தேர்வின் வீடியோக்கள் யூடியூபில். விவாதப் பக்கத்தில் தன் கோபத்தை எழுதிவைத்தாள். மலேசியாவிலிருந்து ஒரு பையன் ஒவ்வொரு வீடியோவிலும் என்ன கேள்வி இருக்கிறது என்று விரிவாகத் தட்டச்சு செய்துபோட ஆரம்பித்தான். போர்ச்சுகலில் அதே படிப்பைப் படித்துக்கொண்டிருந்த ஓர் இயற்பியல் ஆசிரியை நான்கு மணி நேரம் உட்கார்ந்து எல்லா வீடியோக்களையும் இறக்கி, முடக்கப்படாத வேறு தளத்தில் ஏற்றிக் கொடுத்தார். மறுநாள் கதீஜா மிக உயர்ந்த தகுதியுடன் தேர்ச்சி பெற்றாள்.

இலவசப் படிப்புகளின் மகிமை என்று எதைச் சொல்வீர்கள் எனக் கேட்டால் இந்த நான்கு மணி நேரத்தைத்தான் சொல்வேன். தொழில்நுட்பம் அந்தச் சமயத்தில் கைவிரித்துவிட்டது. நின்றது, முகம் தெரியாத ஒரு டீச்சர்.

6.002எக்ஸ் முடிந்த பிறகு அதன் தரவுகளை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. திரைக்கு வெளியே, உடன் படிக்கிற ஒருவருடனோ விஷயம் தெரிந்த ஒருவருடனோ சேர்ந்து உட்கார்ந்தவர்கள், தனியாகப் படித்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மதிப்பெண் கூடுதலாக எடுத்திருப்பார்கள் என்று அதில் கணித்திருந்தார்கள். மூன்று மதிப்பெண் பெரிதா என்று கேட்காதீர்கள். மூன்று மதிப்பெண்ணுக்காக மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுகிற ஊர் நம்முடையது.

இதெல்லாம் 2012-இல் யார் காதிலும் ஏறவில்லை. அது திருவிழாக் காலம். 2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் 25 பேர் பணம் கட்டிப் படித்த ஒரு வகுப்பில் சுமார் 2,200 பேர் இணையத்தில் இலவசமாக உட்கார்ந்தார்கள். பெருந்திரளுக்கான திறந்த இணையப் படிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'மூக்' என்ற பெயர் அப்போது பிறந்தது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்புக்கு 1,60,000 பேர். அடுத்த ஆண்டே யுடாசிட்டி, கோர்செரா, எம்ஐடியும் ஹார்வர்டும் சேர்ந்து 6 கோடி டாலர் போட்ட எட்எக்ஸ் என்று படிப்புத் தளங்களெல்லாம் வரிசையாக வந்தன. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2012-ஐ 'மூக்குகளின் ஆண்டு' என்றே அறிவித்துவிட்டது. இனிப் பல்கலைக்கழகம் எதற்கு, வாத்தியார் எதற்கு என்றெல்லாம் பேச்சு. எங்கள் ஆசிரியர் அறையில்கூட ஒரு மதியம் இதே விவாதம். டிபன் டப்பாவை மூடியபடி கணிதத் துறை சார் சொன்னார்: "எங்கள் ஊரில் நூலகம் வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள், மேடம்."

எனக்கு அதைவிடப் பழைய ஞாபகம் ஒன்று உண்டு. எண்பதுகளின் கடைசியில், கோடை விடுமுறையில், அப்பா நடுமதியத்தில் டிவியைப் போட்டுவிட்டு உட்காருவார். பல்கலைக்கழக மானியக் குழு 1984-இல் தொடங்கிய 'தேசம் தழுவிய வகுப்பறை' தூர்தர்ஷனில் வரும். ஆங்கிலத்தில் கடல் நீரோட்டமோ பரமாணுவோ ஓடும். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர்; ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான். ஆனாலும் கையில் நோட்டும் பேனாவும். 'என்னப்பா புரிந்தது?' என்று கேட்டால், "படம் புரிந்தது" என்பார். அந்த நோட்டில் அவர் ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்த பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. திரையில் பேராசிரியரைக் காட்டிவிட்டால் தேசமே படித்துவிடும் என்கிற நம்பிக்கை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தடவை வந்துபோகிறது போலும்.

திருவிழா முடிந்ததும் குப்பை தெரிய ஆரம்பித்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டியும் சேர்ந்து 2013 ஜனவரியில் கணிதப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில், பட்டப்படிப்புக் கணக்கில் சேரும்படி நடத்திப் பார்த்தன. ஏற்கெனவே கணக்கில் தடுக்கி விழுந்த பிள்ளைகளுக்கானது. தேர்ச்சி விகிதம் தரைதட்டி, ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். யுடாசிட்டியை நிறுவிய செபாஸ்டியன் த்ரன், தங்கள் சரக்கு மட்டமானது என்று அந்த ஆண்டே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் பலவீனமான மாணவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க இத்தனை கோடி டாலரா? தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் தாங்கள் நடத்திய கோர்செரா வகுப்புகளில் சேர்ந்தவர்களிடம் 2013-இல் கணக்கெடுத்தபோது, பதில் சொன்னவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். இந்தியா, சீனா, பிரேசில், ரஷ்யா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர், அந்தந்த நாட்டு மக்கள்தொகையில் மிக வசதியான 6 சதவீதத்தினர். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் பிராட்பேண்டும் கையில் முதுகலைப் பட்டமும் வைத்துக்கொண்டு மூன்றாம் முறையாகப் பைத்தான் படிக்கிறவளும் அந்தக் கணக்கில்தானே வருகிறாள். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மடை யார் வயலுக்கு ஏற்கெனவே இருந்ததோ அங்கே பாய்ந்தது.

சிலருக்கு மடையையே அடைத்தும் விட்டார்கள். அமெரிக்காவின் ஏற்றுமதித் தடை விதிகளால் 2014 ஜனவரியில் கோர்செரா ஈரான், கியூபா, சூடான் நாட்டு மாணவர்களுக்குப் பாடங்களை மூட வேண்டியதாயிற்று. மின்சுற்றும் கணிதமும் ஏற்றுமதிச் சரக்கு என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

பிறகு வியாபாரம். எட்எக்ஸ் இலவசமாகக் கொடுத்துவந்த சான்றிதழை 2015 முடிவோடு நிறுத்தியது. 2021-இல் 2யு என்ற நிறுவனம் அதை 80 கோடி டாலருக்கு வாங்கியது; 2024-இல் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இன்று பல தளங்களில் வீடியோ பார்க்கலாம், பயிற்சிக் கணக்குகள் பூட்டியிருக்கும். பணம் கட்டினால் திறக்கும். சாப்பாட்டை வாசனை பிடிக்க விட்டு, இலையை மட்டும் மடித்து வைத்துக்கொள்கிற விருந்து. நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம், மறுக்கவில்லை. என் மாணவன் ஒருவனுக்காக அப்படி ஒரு விண்ணப்பத்தைக் கூட உட்கார்ந்து நிரப்பினேன். நீ ஏன் ஏழை, இந்தப் படிப்பு உன் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்று ஆங்கிலத்தில் நூற்றைம்பது சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டியிருந்தது. பையன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "மேடம், அப்பா ஆடு மேய்க்கிறார் என்று போட்டால் போதாதா?" என்றான். போதாது. இன்னும் 140-க்கும் மேல் சொற்கள் வேண்டும்.

இனி நம்மூர் ஏற்பாட்டுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது என்பிடெல். ஒருங்கிணைப்பது சென்னை ஐஐடி. ஆரம்பத்தில் கரும்பலகைக்கு முன் பேராசிரியர் நின்று பேசும் வீடியோக்கள்தான். கல்லூரிகளுக்கு ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். 2014 முதல் வாரக் கணக்கில் நடக்கும் படிப்பும் சான்றிதழும் வந்தன. சேர, பார்க்க, அசைன்மென்ட் போடக் காசில்லை. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய், மூன்று மணி நேரம் கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் உலகைத் திரையில் திரட்டிக்கொண்டிருந்தபோது, நம் ஆட்கள் ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். நமக்குத் தேர்வைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று நானே கேலி செய்திருக்கிறேன். மென்டரான பிறகு அந்தக் கேலி குறைந்தது.

முழுதாக நின்றுவிடவில்லை. என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் ஒன்றிய அரசின் ஸ்வயம் தளப் படிப்புகளைப் பட்டப்படிப்பின் மதிப்பெண் கணக்கில் சேர்க்கலாம் என்று மானியக் குழு 2016-இல் 20 சதவீதம் வரையும், 2021-இல் 40 சதவீதம் வரையும் அனுமதித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் எண்ணிக்கை என்று ஒன்று வந்துவிட்டால் எந்த நிர்வாகமும் அதற்குப் பின்னால் ஓடும். எத்தனை பேர் பதிவு, எத்தனை பேர் 'எலைட்' சான்றிதழ் என்று தரமதிப்பீட்டுக் கோப்பில் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் எங்கள் வகுப்பில் 64 பேரையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்திப் பதிவு செய்யவைத்தார்கள். ஒவ்வொரு வார விடையும் டெலிகிராமில் வந்துவிடும். யாரோ புண்ணியவான் யூடியூபிலும் போட்டுவிடுவார். அசைன்மென்டில் ஆளுக்கு 24, 25. வீடியோ பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஏழு கை உயர்ந்தது. அதில் இரண்டு, நான் பார்ப்பதற்காக உயர்ந்த கை. அந்த வருடம் தேர்வறை வரை வந்தவர்கள் 15 பேர்.

அந்த ஏழில் ஒரு கை முத்துலட்சுமியுடையது. பெயரை மாற்றியிருக்கிறேன். அப்பா விசைத்தறியில் வேலை. பிளஸ் டூ வரை தமிழ்வழி. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தம்பி கையில் இருந்து இரவு ஒன்பதரைக்குத்தான் அவளுக்கு வரும். வீடியோவின் வேகத்தை முக்கால் மடங்காகக் குறைத்து வைத்துக் கேட்பாள். அவளுடைய நோட்டை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் காதில் விழுந்த ஆங்கிலம், தமிழ் எழுத்தில். வலப்பக்கம் அதற்கு அவள் புரிந்துகொண்ட பொருள். புரியாத இடத்தில் சின்னதாக ஒரு குடை வரைந்திருந்தாள். ஏன் குடை என்று கேட்டால், "மழை நின்றதும் பார்த்துக்கொள்ளலாம், மேடம்." எனக்கு அப்பாவின் நோட்டு ஞாபகம் வந்தது.

ஒரு வாரம் அவள் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். "மேடம், இந்தப் பேராசிரியர் அடிக்கடி ஜெனரேட்டரில் லாஸ் இல்லை, ஜெனரேட்டரில் லாஸ் இல்லை என்கிறார். இந்தச் சுற்றில் ஜெனரேட்டரே இல்லையே?" நானும் போட்டுக் கேட்டேன். இரண்டு முறை கேட்ட பிறகுதான் பிடிபட்டது. கணிதக்காரர்கள் வாய்ப்பாடாகச் சொல்கிற 'வித்தவுட் லாஸ் ஆஃப் ஜெனராலிட்டி'. பொதுத்தன்மை கெடாமல் இப்படி எடுத்துக்கொள்வோம் என்று அர்த்தம். மூன்று வாரமாக அந்தப் பெண் இல்லாத ஜெனரேட்டரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நோட்டில் ஏழு குடை.

என்பிடெல் பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் வந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். "இண்டக்டர் என்பது பிளஸ் டூவில் படித்த மின்தூண்டிதான் என்று எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரியும், மேடம்" என்றாள். தமிழ் வடிவம் நடையில் கொஞ்சம் விறைப்புதான். ஆனாலும் ஆங்கிலத்தையும் தமிழையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். அதன் பிறகு நான் ஒன்று செய்தேன். புதன்கிழமை மாலை நான்கரைக்கு லேபைத் திறந்து வைத்தேன். வருகிறவர்கள் வரட்டும். ஒன்பது பேர் வந்தார்கள். நான் பாடம் நடத்தவில்லை. வீடியோ ஓடும், நிறுத்துவோம், சண்டை போடுவோம், லேப் அண்ணன் பிரெட்போர்டில் சுற்றைப் போட்டுக் காட்டுவார். ஊறுகாய்ச் சோதனைக்கு மட்டும் அவர் சம்மதிக்கவே இல்லை.

தேர்வுக்கட்டணம் அப்போது ஒரு படிப்புக்கு ஆயிரம் ரூபாய். முத்துலட்சுமி வீட்டில் கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். மையம் திருநெல்வேலியில். காலை ஒன்பது மணித் தேர்வுக்கு ஐந்தேகால் பஸ். ஒன்பது பேரில் எட்டுப் பேர் தேர்ச்சி. அவளுக்கு 61. அறுபதிலிருந்து 'எலைட்' என்று சான்றிதழில் அச்சிடுவார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணைப் பற்றி எங்கள் லேபில் இன்னும் பேச்சு உண்டு.

முடித்தவர் விகிதம் ஒன்றையே பிடித்துக்கொண்டு பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2012 முதல் 2018 வரையிலான எம்ஐடி, ஹார்வர்டு படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, பதிந்தவர்களில் 52 சதவீதம் பேர் உள்ளேயே நுழைவதில்லை என்றது. கடைசி ஆண்டில் முடித்தவர்கள் 3.13 சதவீதம், பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் மட்டும் 46 சதவீதம். ஆயிரம் ரூபாயும் ஐந்தேகால் பஸ்ஸும் செய்கிற வேலையை அங்கே டாலர் செய்கிறது. ஆனால் அதே இரு பல்கலைக்கழகங்களின் முந்தைய அறிக்கை ஒன்றில் இன்னொரு விவரமும் உண்டு. கருத்துக்கணிப்பில் பதில் சொன்னவர்களில் 39 சதவீதம் பேர் ஆசிரியராக இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள். என்னை மாதிரி. அந்த ஐந்தாம் வாரத்தோடு நின்ற 6.002எக்ஸிலிருந்து நான் திருடிக்கொண்டு வந்த உதாரணங்கள் இன்றும் என் இரண்டாமாண்டு வகுப்பில் ஓடுகின்றன. வருடத்துக்கு அறுபது பிள்ளைகள். எம்ஐடியின் ஏட்டில் நான் இடையில் நின்றவள். அந்த அறுபது பேருக்கு அங்கே பெயரே கிடையாது.

நான் முடித்த நான்கில் ஒன்று 'கற்கக் கற்றுக்கொள்ளுதல்'. பார்பரா ஓக்லி என்ற பொறியியல் பேராசிரியை தன் வீட்டு நிலவறையில் படம்பிடித்த படிப்பு. உலகத்தில் அதிகம் பேர் சேர்ந்தவற்றில் ஒன்று. 2020 ஊரடங்கில் மகளோடு சேர்ந்து பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் படி, ஐந்து நிமிடம் ஓய்வெடு என்று தக்காளிக் கடிகார முறை ஒன்று சொல்வார். மகள் சமையலறையிலிருந்து நிஜத் தக்காளியை எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு, நான் எழுந்தால் அதைக் காட்டுவாள். நான்கு வாரத்தில் முடித்துவிட்டேன். மற்ற மூன்று? அவற்றில் இரண்டு என்பிடெல். பிள்ளைகளோடு நானும் தேர்வெழுதினேன். மீதி ஒன்றை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

முத்துலட்சுமி இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். போன ஜூலையில் போன் செய்தாள். "மேடம், உட்பொதி அமைப்புகள் பற்றி ஒரு பன்னிரண்டு வாரப் படிப்பு வந்திருக்கிறது. இங்கே ஷிப்டு. தனியாகச் சேர்ந்தால் விட்டுவிடுவேன். நீங்களும் சேருங்கள்." எனக்கு அந்தப் பாடத்தில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சரி என்று பெயர் கொடுத்தேன். 24-ஆவது.

ஏழாவது வாரம் நேற்று. மாலையில் என் பிள்ளைகளின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, இட்லிக்கு ஊறப்போட்டு, துணி மடித்து, படுத்தே விட்டேன். 11.20-க்குக் கைப்பேசி நகர்ந்தது.

"மேடம், இன்று புதன்கிழமை. போட்டுவிட்டீர்களா?"

எழுந்து மடிக்கணினியைத் திறந்தேன். பத்துக் கேள்வியில் நான்கு பாக்கி. "நீ போட்டுவிட்டாயா?" என்று கேட்டேன்.

"ஏழாவது கேள்வியில் குடை போட்டிருக்கிறேன். உங்களுக்கு என்ன வந்தது?"